முதல் புகை

"அம்மா, தீயணைப்பு வண்டி! எங்கட வாசலிலைதான் நிக்குது!"

ஜன்னலோரம் நின்ற மிதுசா கத்தியதும், ஹோமத்துக்கு நெய் வார்த்துக்கொண்டிருந்த ஐயரின் கை அப்படியே நின்றது. தாய் நேசமலர் கும்பத்தடியிலிருந்து எழுந்துவிட்டார். பதினைந்து வருடம் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் வாடகைக்கு இருந்துவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் வாங்கிய சொந்த வீடு. இன்றைக்குத்தான் குடிபூரல் என்னும் புதுமனை புகுவிழா. உலகக் கோப்பைக்குக் கட்டிய கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படாத அந்த ஊரில் இவர்கள்தான் ஒரே தமிழ்க் குடும்பம்.

"நான் அப்பவே சொன்னனான்! முன்வீட்டுக் கிழவி காலமை தொடக்கம் திரைச்சீலைக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டவ. எங்கட புகையைக் கண்டதும் ஃபோனைத் தூக்கினவ. கட்டையிலை போவாள், வந்த அண்டைக்கே காட்டிக் குடுத்திட்டாள்" என்றார் நேசமலர்.

"சத்தம் போடாதையும். வேறை எங்கயும் போறாங்களோ தெரியாது" என்றார் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா. சொன்னாரே தவிர, அவருக்கும் வேர்த்துவிட்டது.

"எங்கயும் போகேல்லை அப்பா. எல்லாரும் இறங்கி வருகினம். ஆனா சைரன் அடிக்கேல்லையே?"

"சைரன் அடிக்காமல் வந்தால்தானே கையும் மெய்யுமாப் பிடிக்கலாம்!" என்றார் நேசமலர்.

ஐயர் தன் பங்குக்குப் பயம் காட்டினார். "போன மாசம் கெல்சென்கிர்ச்சனிலை ஒரு குடிபூரல். இப்பிடித்தான் ஆரோ அறிவிச்சு, உள்ளை வந்து குழாயாலை அடிச்சாங்கள் பாருங்கோ... கும்பம், வாழையிலை, நான், எல்லாம் ஒரே வெள்ளம்."

"அப்பா, இது சின்ன ஊர். இவை சம்பளத்துக்கு வாற ஆக்கள் இல்லை. ஊர்ச்சனம்தான் தொண்டராச் சேர்ந்திருக்கிறது. முன்னுக்கு வாறவர் பேக்கரிக்காரர், பின்னாலை தபால்காரர்."

"அப்ப, ஊரே திரண்டு வந்திட்டுது எண்டு சொல்லு!"

நேசமலர் அழத் தொடங்கிவிட்டார். "முதல் கோணல் முற்றும் கோணல். ஊரைப் பகைச்சுக்கொண்டு இந்த வீட்டிலை எப்பிடி இருக்கிறது? நாளைக்கு ஆர் எங்களோடை முகம் குடுத்துக் கதைப்பினம்?"

வாசல் மணி அடித்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா அதற்குமேல் யோசிக்கவில்லை. குளியலறைக்கு ஓடி, வாளி நிறையத் தண்ணீரோடு வந்தார்.

"ஐயோ, அக்கினியிலை தண்ணி வாக்கக் கூடாது!"

ஐயர் எழும்புவதற்குள் உஸ்ஸென்று ஹோமகுண்டம் அணைந்துவிட்டது. நேசமலர் தலையில் கைவைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். நல்ல நாளில் தன் கையாலேயே இப்படிச் செய்துவிட்டோமே என்று ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கும் கண் கலங்கியது.

"என்ன செய்யிறது நேசம்? சாமி மன்னிக்கும், சனம் மன்னிக்காது" என்றபடி போய்க் கதவைத் திறந்தார்.

சீருடையில் நின்ற பேக்கரிக்காரர் நீளமாக ஏதோ பேசினார். பதற்றத்தில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் காதில் ஒரு ஜெர்மன் சொல்லும் ஏறவில்லை. மிதுசா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"என்னவாம் பிள்ளை? சரியான கோவமோ?"

"இல்லையப்பா. நூறு வருசத்துக்கு முதல் இந்த ஊர் பாதி எரிஞ்சு போச்சாம். அப்பதானாம் இந்தத் தீயணைப்புப் படையைத் தொடங்கினவை. திருப்பிக் கட்டின ஒவ்வொரு வீட்டிலையும் முதல் புகை எழும்பினதும், படை பாணும் உப்பும் கொண்டுபோய் வாழ்த்துமாம். இண்டைக்கும் புதுசா ஆர் குடிவந்தாலும் அதுதானாம் வழக்கம். புகையைக் கண்டால் சொல்லுங்கோ எண்டு முன்வீட்டு அம்மாட்டைச் சொல்லி வைச்சவையாம்."

பேக்கரிக்காரர் சூடாறாத பாண் ரொட்டியை நீட்டியபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீரில் ஊறிக்கிடந்த விறகைக் கண்டு திகைத்துப்போய் ஏதோ கேட்டார்.

மிதுசாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அணைக்கிறது எங்கட வேலையல்லோ, நீங்கள் ஏன் அணைச்சனீங்கள் எண்டு கேக்கிறார்!"