சுவராக நின்ற பெட்ஷீட்

சுகிர்தாவுக்கு வீடியோவில் இன்டர்வியூ. இதற்கு முந்தைய இரண்டு இன்டர்வியூவிலும் திரையில் குழந்தை தெரிந்ததுமே, "சொல்லி அனுப்புறோம்" என்றுவிட்டார்கள். அதனால் இன்று, குழந்தை தூங்கும் தூளி தெரியாமல் இருக்க, கொடியில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுக் கிளிப் போட்டாள்.

"இன்னைக்கு நீ சுவர். அசையக் கூடாது," என்றது கிளிப்.

"ஃபேன் ஓடுதே, நான் என்ன பண்றது?" என்று நெளிந்தது பெட்ஷீட்.

சுகிர்தா ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். முகமெல்லாம் வியர்த்தது. மறுபடி போட்டாள். பெட்ஷீட் படபடத்தது. மறுபடி நிறுத்தினாள். அதற்குள் திரையில் அதிகாரி வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலும் வெள்ளைச் சுவர்.

"வீட்டில் தொந்தரவு எதுவும் இருக்காதே?"

"இல்லை சார். வீட்டில் யாருமே இல்லை."

தூளியிலிருந்து ஒரு சின்னக் கால் பெட்ஷீட்டை உதைத்தது.

"முழிச்சிட்டான். உதைக்கிறான். நான் விழுந்துடுவேன்."

"பேசாம நில்லு. நான் பிடிச்சிருக்கேன்," என்று கிளிப் பல்லைக் கடித்தது.

பெட்ஷீட் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவரோட சுவரையும் யாரோ உதைக்கிறாங்க," என்றது.