திங்கட்கிழமை கோட்டு

"சைஸ் சரியில்லம்மா" என்று கோட்டை மேசைமேல் வைத்தார் அவர்.

ஹுமைரா பிரித்துப் பார்த்தாள். கிளாங் லிட்டில் இந்தியாவில் பத்து வருடமாகத் துணிக்கடைக் கல்லாவில் நிற்பவள். கருநீலக் கோட்டின் கக்கத்தில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாகியிருந்தது. விலைச்சீட்டை மட்டும் உள்ளே மடித்து ஊசி குத்திப் பத்திரமாக வைத்திருந்தார்.

"போட்டுப் பார்த்தீங்களா அண்ணே, இல்ல போட்டுக்கிட்டு ஓடினீங்களா?"

"ரூம்ல ஏர்கோன் இல்லம்மா..."

"வெள்ளிக்கிழமை வாங்குறீங்க, திங்கட்கிழமை சைஸ் சரியில்லங்கிறீங்க. இது நாலாவது வாரம். வாராவாரம் உடம்பு மாறுதா?"

பின்கட்டிலிருந்து முதலாளி அப்துல் ஜலீல் வந்தார். "பணத்தத் திருப்பிக் குடுத்துடு ஹுமைரா."

"பாஸ், கழுவிக்கூடக் கொண்டு வரல!"

"குடு லா."

முதலாளியின் கைப்பேசி அடித்தது. மகன் அன்சார். "பார்க்கிங் தேடறியா? மெதுவா வாப்பா, அவசரமில்ல."

அன்சாரின் சாப்பாட்டு லோரி வியாபாரம் போன வருடம் முழுகிப்போனது. எட்டு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். வாசலில் வைத்த தட்டு வைத்தபடியே இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஏதோ ஒரு கோச் நடத்தும் தன்னம்பிக்கை வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் முகச்சவரம் செய்கிறான், கடைக்கு வருகிறான். வந்தாலும் இன்னும் யாராவது அதட்டிப் பேசினால் கண் கலங்கிவிடும்.

அப்துல் ஜலீல் கைப்பேசியை வைத்ததும் கோட்டுக்காரரின் தோளைத் தொட்டார்.

"சார், பின்வாசல் வழியா போயிடுங்க. முன்னால ரோட்டு வேலை நடக்குது."

ஹுமைரா எட்டிப் பார்த்தாள். ரோட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை.

'மகன் திட்டுவான்னு பயம்' என்று நினைத்துக்கொண்டாள். கோட்டுக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குத் திரும்பும்போது சட்டென்று ஒரு படம் எடுத்தாள்.

"இத ஃபேஸ்புக்ல போடப் போறேன் பாஸ். மத்த கடைக்காரங்களாவது தப்பிக்கட்டும்."

"வேணாம்மா. அழிச்சிடு."

"அவர் என்ன உங்க மாப்பிள்ளையா? பேசாம இனாமாவே குடுத்துடுங்களேன்!"

"வாங்க மாட்டார். மானஸ்தர்."

ஹுமைராவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இத ராக்குல மாட்டிடாத" என்று முதலாளியே கோட்டை எடுத்துக்கொண்டு போனார். பின்கட்டில் இஸ்திரிப் பெட்டி சீறியது.

அன்சார் உள்ளே வந்தான்.

"தம்பி, உங்க வாப்பாவுக்குப் புத்தி சொல்லுங்க. போட்டு அழுக்காக்கின கோட்டத் திருப்பி வாங்கி வச்சிருக்கார்."

"வாப்பா!" அன்சார் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "உங்களுக்கும் ஒரு மெண்டர் வேணும் வாப்பா. ஆளப் பார்த்து எடை போடவே தெரியல. எங்க கோச் நேத்து என்ன சொன்னார் தெரியுமா? 'வாழ்க்கையில ரிட்டர்ன் பாலிசி கிடையாது!' ஹாலே எழுந்து நின்னு கை தட்டிச்சு."

"நீ சொன்னா சரிப்பா" என்றது பின்கட்டு.

"நல்லாச் சொன்னீங்க தம்பி. அந்த ஆளோட மூஞ்சியப் பாருங்க, இந்தா..." ஹுமைரா கைப்பேசியில் படத்தைத் தேடினாள்.

"முதல்ல இதப் பாருங்கக்கா. எங்க கோச் ரிஷி. நேத்து என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்." அன்சார் தன் கைப்பேசியை நீட்டினான்.

பார்த்தாள்.

மேடை. விளக்கு. அதே கருநீலக் கோட்டில் அதே ஆள் இரண்டு கையையும் உயர்த்தி நிற்கிறார். பக்கத்தில் அன்சார். பல் தெரியச் சிரிக்கிறான். இந்தச் சிரிப்பை அவள் பார்த்து ஒரு வருடமாகிறது.

பின்கட்டில் இஸ்திரிச் சத்தம் நின்றிருந்தது.

"நீங்க என்னமோ காட்ட வந்தீங்களேக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. எங்க வீட்டுப் பூனை." விரல் படத்தை அழித்தது. "கோச் எடுப்பா இருக்கார்."

"இல்லக்கா? அவர மாதிரி நேர்மையா வாழணும்."

ஹுமைரா பின்கட்டுக்குப் போனாள். முதலாளி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"தள்ளுங்க பாஸ். அழுக்கு மேலயே தேய்ச்சா கறை போகாது. வினிகர் போட்டுத் துடைச்சுத் தரேன், வெள்ளிக்கிழமைக்குள்ள காஞ்சிடும்."