கூடி நிற்கிற இடம்

“கன்சிஸ்டரின்னா என்னங்க ஐயா? வாயில நுழைய மாட்டேங்குது.”

கேட்டவர் ரொட்டிக்கடைக்காரர். சபை மூப்பராகி அவருக்கு இதுதான் முதல் கூட்டம்.

“மூப்பர்களோட மன்றம்தான். சபைக் காரியமும் பேசுவோம், தப்பு செஞ்சவங்களை விசாரிக்கவும் செய்வோம்,” என்றார் போதகர். “பழைய லத்தீன் சொல். கூடி நிற்கிற இடம்னு அர்த்தம்.”

“நாம உக்காந்துல்ல இருக்கோம்?”

“நிக்க வேண்டியது விசாரணைக்கு வர்றவங்க. அதுதான் வழக்கம்,” என்று வெட்டினார் செயலாளர்.

அவருக்கு எல்லாமே சட்டப்படி நடக்க வேண்டும். ஆராதனை முடிந்த கையோடு கூட்டத்தைக் கூட்டியதும் அவர்தான். ஆனாலும் வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம். சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆர்கன் வாசிக்கும் பெண் வந்து மேஜைக்கு எதிரே நின்றாள்.

“பிரசங்கம் ஆரம்பிச்சதும் எழுந்து போறீங்க. கடைசிப் பாட்டுக்குத்தான் திரும்பி வர்றீங்க. வாராவாரம் இதே கதை. எங்கே போறீங்க?” என்று கேட்டார் செயலாளர்.

அவள் பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சொல்லலைன்னா ஆர்கனை வேற ஆள்கிட்ட கொடுக்க வேண்டியதுதான்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. கணவன் இறந்த பிறகு அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த ஆர்கன்தான்.

“என் பிரசங்கம் அறுவைன்னா நேராவே சொல்லிடும்மா,” என்றார் போதகர்.

“ஐயோ, அதில்லீங்க ஐயா. பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா. ஞாபகம் தப்பிப் போச்சு. வீட்டுக்காரர் கதவை வெளியே பூட்டிட்டுக் கோயிலுக்கு வந்துடறார். ஒரு நாள் நான் தாமதமா வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. வெளியே நின்னு பாடினேன். சமாதானமாயிட்டாங்க. அதுலேர்ந்து போறேன்.”

ரொட்டிக்கடைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெண்டாட்டியைப் பூட்டி வச்சுட்டு இங்கே வந்து ஜெபமா? யார் அந்த மனுஷன்? அவனைத்தான் இங்கே நிக்க வைக்கணும்.”

“பேரு கேக்காதீங்கண்ணே. வாரம் பூரா அவர் ஒத்தை ஆளாப் பார்த்துக்கறார். இந்த ஆராதனை நேரம்தான் அவர் மூச்சு விடற நேரம். வெளியே தெரிஞ்சா வெட்கப்பட்டு இதுக்கும் வர மாட்டார். ஆர்கனை வேணும்னா எடுத்துக்கோங்க.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

“ஞாயித்துக்கிழமையானா யாரோ வந்து பாடறாங்கன்னு அவ சொல்லுவா. நோய் முத்திப்போச்சுன்னு நினைச்சேன்.” ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தார். “நிக்க வைக்கணும்னீங்களே. நிக்கிறேன்.”

ரொட்டிக்கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, வந்து செயலாளரின் மறுபக்கம் நின்றார். போதகரும் எழுந்தார். மற்ற மூப்பர்களும் எழுந்துவிட்டார்கள்.

செயலாளர் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“இனிமே ஜன்னல்கிட்ட நிக்காதேம்மா. கதவைத் திறந்து உள்ளே போ.”