தக்காளிக்கு ஆகாத கை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வார்த்தை தவறினாலும் யார் தலையிலாவது வீண்பழி விழுந்துவிடும்.

மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறேன். காய் பிடிக்கிற நேரத்தில் இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகிச் சுருண்டுவிட்டது.

வாராவாரம் வருகிற என் அண்ணன் ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்தார்.

"உன் மருமகளுக்கு என்ன வேலைன்னு சொன்னே?"

"செடிக்கு வர்ற நோயை ஆராய்ச்சி பண்றாண்ணா."

"நாள் பூரா நோயைத் தொட்டுட்டு நேரா இங்க வர்றா. அப்புறம் உன் செடி எப்படி உருப்படும்?"

எனக்குச் சுருக்கென்றது. வேலையிலிருந்து வந்தவளை அவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பறித்து வந்த இலையை அவள் முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, ஊர்ச் செடியக் காப்பாத்தறேன்னு போயி வீட்டுச் செடிய முடிச்சுட்டியே."

அவள் இலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதில் சொல்லாவிட்டால் தப்பு இருக்கிறது என்றுதானே தோன்றும்? அண்ணன் போனதும், "அந்த வேலையை விட்டுடும்மா," என்றேன்.

"வேலைய மட்டும் விடச் சொல்லாதீங்க அத்தை. வேணும்னா நான் மாடிக்கே வரல."

சொன்னபடியே வரவில்லை. காய்ந்த துணியைக்கூட மகன்தான் எடுத்து வந்தான். "எல்லை தாண்டினா சுட்டுடுவீங்களாம்மா?" என்று கிண்டல் வேறு.

பழைய செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். புது மண் நிரப்பி நாற்று நட்டேன். மறுநாள் மருமகள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தாள்.

"செடியத் தொடப் போறவங்க யாரா இருந்தாலும் இதுல கையை முக்கிட்டுப் போகட்டும் அத்தை."

"பால்ல கை கழுவ இதென்ன அரண்மனையா?"

"கையில நோய்க்கிருமி இருந்தா, பால் அதைச் செடியில ஒட்டவிடாது."

"நீதான் மேல போறதே இல்லையே. வேற யார் கையில கிருமி?"

கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். நான் விடவில்லை.

"நான் பார்க்கிறது வாழை நோய் அத்தை. அது தக்காளிக்கு வராது. நீங்க பிடுங்கிப் போட்டதுல ஒரு இலையைக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணினேன். இது புகையிலைக்கு வர்ற நோய், தக்காளிக்கும் தொத்தும். சிகரெட் பிடிக்கிறவங்க விரல்ல ஒட்டிட்டு வரும்."

எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. வாராவாரம் வருகிற ஒருவரைத் தவிர.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"இலையைப் பார்த்ததும் சந்தேகம் வந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பக்கத்துல நின்னீங்களே அத்தை. உங்க அண்ணனை உங்க முன்னாடி எப்படிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். நேராக மாடிப்படிக்குப் போனார். சொன்னால் அண்ணன் மனசு நோகும். சொல்லாவிட்டால் நாற்று போய்விடும்.

"இதென்ன, பூனைக்கா?" என்றார் கிண்ணத்தைப் பார்த்து.

"இப்ப இந்த வீட்டுல எல்லாருக்கும் இதுதாண்ணா வழக்கம்," என்று முதலில் என் இரண்டு கையையும் முக்கினேன். சிரித்துக்கொண்டே அவரும் முக்கினார்.

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "நீயும் மேல வாம்மா," என்று மருமகளைக் கூப்பிட்டேன்.