பிணைக் கையெழுத்து

கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிதான் ஜெனூபாவைத் தாதியாகப் படிக்கவைத்தது. பதிலுக்கு அவள் அங்கே ஐந்து வருடம் வேலைசெய்ய வேண்டும். வாப்பாதான் பிணை நின்று கையெழுத்திட்டார்.

ஐந்தாம் வருடம் முடிந்த அன்று, விடுவிப்புக் கடிதம் வாங்க அலுவலகத்துக்குப் போனாள்.

"இன்னும் அஞ்சு வருஷம் இரிக்கே, மிஸ்," என்றார் கிளார்க். "காலையில உங்கட வாப்பா வந்து புதுசா ஒப்பம் வெச்சாரே."

தாளில் வாப்பாவின் சாய்ந்த கையெழுத்து இருந்தது. திகதி இன்றையது.

"வாப்பா மௌத்தாகி ரெண்டு வருஷம். இங்க, ஏழாம் கட்டில்ல. நான்தான் கண்ண மூடிவிட்டன்."

"ஓம், சொன்னார். மகள் நல்லாப் பாத்தாவாம்." கிளார்க் பேனையை நீட்டினார். "ஏழாம் கட்டில் வெறுமையா இரிக்கா எண்டு கேட்டுட்டு, இப்பதான் வார்டுக்குப் போனார்."