ஆறாவது வெளிச்சம்

கணக்கு டீச்சராக இருந்த அக்கா, கண்ணாடி வெட்டும் தங்கையோடு வந்து தங்கி ஒரு வருடம் ஆகிறது. மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்த பிறகு அவளுக்குக் கணக்கே ஓடவில்லை. பத்தையும் ஏழையும் கூட்டவே திணறினாள்.

அன்று காலை ஒரு புதிர்ப் புத்தகத்தைப் புரட்டியவள், சட்டென்று பென்சிலை எடுத்தாள். முக்கோணத்தின் பக்கங்கள் முழு எண்களாக இருக்க வேண்டும். சுற்றளவும் பரப்பும் ஒரே எண்ணாக வர வேண்டும்.

“ஆறு, எட்டு, பத்து! சுற்றளவு இருபத்துநாலு, பரப்பும் இருபத்துநாலுடீ!” என்று கத்தினாள்.

மதியத்துக்குள் ஐந்தைப் பிடித்துவிட்டாள். மொத்தமே ஐந்துதான் என்றது புத்தகத்தின் விடைப்பக்கம். தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஐந்தையும் சென்டிமீட்டர் கணக்கில் மஞ்சள் கண்ணாடியில் வெட்டி ஜன்னலில் தொங்கவிட்டாள்.

வெயில் பட்டதும் எதிர்ச்சுவரில் ஆறு மஞ்சள் முக்கோணங்கள் விழுந்தன.

“ஒண்ணு கூட வெட்டிட்டியா?”

“அஞ்சுதான்க்கா. நீயே எண்ணிப் பாரேன்.”

அக்கா எண்ணினாள். பிறகு ஸ்கேலை வைத்து அந்த ஆறாவதை அளந்தாள். மூன்று பக்கமும் முழு எண்கள். சுற்றளவும் பரப்பும் ஒன்றாகவே வந்தன.

“தப்பாப் போட்டுட்டேனோ?” என்றாள் பயத்துடன்.

தங்கை கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள். “இல்லக்கா, சரியாத்தான் போட்டிருக்க.”

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் விடாத மழை. சுவரில் ஐந்து வெளிச்சங்களும் இல்லை. ஆறாவது மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. அக்கா அதன் கீழே நாற்காலியைப் போட்டு, தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இங்க வாடி,” என்றாள். “இதமா இருக்கு.”