சிரித்தால் பகடி

சுடலைமணிக்கு வீடியோ புகார் மையத்தில் சிரிப்பதுதான் வேலை. ஒரு வீடியோ காட்சியில் இருப்பவரே அதற்கு உரிமையாளர். அதை யாராவது ரீமிக்ஸ் செய்தால் அவர் புகார் கொடுக்கலாம். புகார் வந்த ரீமிக்ஸைச் சுடலைமணி பார்க்கும்போது மேசைக் கேமரா அவன் முகத்தைக் கவனிக்கும். அவன் சிரித்தால் அது பகடி, அனுமதி உண்டு. சிரிக்காவிட்டால் திருட்டு, நீக்கிவிடுவார்கள்.

அன்று வந்த ரீமிக்ஸில் ஓர் ஆடு மார்பில் அடித்துக்கொண்டு குத்துப்பாட்டுக்குக் குதித்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். பச்சை விளக்கு எரிந்தது.

"என்னண்ணே, அவ்வளவு சிரிப்பு?" என்றாள் பக்கத்து இருக்கை மெர்லின்.

"இந்த ஆட்டப் பாரேன், என்னமா துள்ளுது!"

விதிப்படி கடைசியில் அசல் காட்சி ஓடியது. ஆஸ்பத்திரி வராந்தா. போன மாதம் தம்பியை லாரி அடித்த நாள். ஆடு இருந்த இடத்தில் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் ரத்து செய்ய வழி தேடினான். சிரித்ததை ரத்து செய்ய முடியாது.

வீட்டில் அம்மா போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏல மணி, உங்கிட்ட சொல்லாம ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்தேன். தள்ளிட்டானுவ. நான் அழுததப் பாத்து உன் ஆபீஸ்ல எவனோ சிரிச்சானாம்லா. அவன் யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."